வீட்டிலிருந்து வியாபாரம்: இடம் மாறலாம், பதில் மாறக் கூடாது

புறக்கோட்டையில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் ஒபிஸ் வைத்திருப்பது ஒரு காலத்தில் வர்த்தகருக்குக் கௌரவமாகக் கருதப்பட்டது. இன்று அந்த நிலை மாறி வருகிறது. வாடகை, மின் கட்டணம், போக்குவரத்துச் செலவு ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்த பலர், களஞ்சியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வேலைகளை வீட்டிலிருந்தே கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கணக்கு எழுதுபவர்கள், இறக்குமதி ஆவணங்கள் தயாரிப்பவர்கள், ஆடை தைத்து விற்கும் பெண்கள், கேக் செய்து கொடுப்பவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளமானது.

இது நாம் விரும்பித் தேடிக்கொண்ட பழக்கம் அல்ல. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்து, கொழும்பில் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தபோது வீட்டிலிருந்து தொழில் செய்யக் கற்றுக்கொண்டோம். 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டபோது இரண்டாவது முறையாகக் கற்றுக்கொண்டோம். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெக் நில்ஸ் என்பவர்தான் 1973இல் இம்முறைக்கு முதன்முதலாக ஒரு பெயர் சூட்டியவர். ஊழியரை வேலைத் தலத்துக்குக் கொண்டு செல்வதற்குப் பதிலாக வேலையைத் தொலைத்தொடர்பு மூலம் ஊழியரிடம் கொண்டு செல்லலாம் என்பதே அவரது யோசனை. அதே ஆண்டின் இறுதியில் உலகம் எண்ணெய் நெருக்கடியைச் சந்தித்தது. அந்த யோசனையின் பெறுமதி நமக்கோ எரிபொருள் நிலையத்து வரிசையில் நின்றபோதுதான் விளங்கியது.

சிறு வர்த்தகர்களின் கணக்கு வழக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற வகையில் நான் ஒரு விடயத்தை அவதானித்திருக்கிறேன். வீட்டிலிருந்து தொழில் செய்து நட்டப்பட்டவர்களில் பலர், சாமான் இல்லாமலோ முதல் இல்லாமலோ நட்டப்படவில்லை. வாடிக்கையாளருக்கு உரிய நேரத்தில் பதில் சொல்லாததாலும், பேசியதைத் தெளிவாக எழுதி வைக்காததாலுமே நட்டப்பட்டார்கள். ஆகவே, வீட்டிலிருந்து தொழில் செய்பவர் முதலில் சரிசெய்ய வேண்டியது மேசையையோ கணினியையோ அல்ல, தொடர்பாடலைத்தான் என்பது எனது உறுதியான அபிப்பிராயம்.

கடையில் இருந்த வசதி

கடை ஒன்று திறந்திருக்கும்போது அது முதலாளியின் சார்பில் பல செய்திகளைத் தானாகவே சொல்லிக்கொண்டிருக்கும். கதவு திறந்திருந்தால் வியாபாரம் நடக்கிறது என்று அர்த்தம். சாமான் இறங்கினால் ஸ்டொக் இருக்கிறது என்று அர்த்தம். முதலாளி இல்லாவிட்டாலும், “நானா லுஹருக்குப் போயிருக்கார், அரை மணித்தியாலத்தில வந்துருவார், இருங்க ஹாஜியார்” என்று சொல்ல ஒரு பையன் இருப்பான். வந்தவர் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுக் காத்திருப்பார்.

வீட்டிலிருந்து தொழில் செய்யும்போது இவற்றில் ஒன்றுமே இல்லை. தொலைபேசி மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடுகள் விழுகின்றன, பதில் இல்லை. தொழுகையா, நித்திரையா, வைத்தியசாலையா, வேண்டுமென்றே ஒளிந்துகொள்கிறாரா என்று மறுபக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தெரியாதபோது மனிதர்கள் நல்லதை ஊகிப்பது குறைவு. அதிலும் பணம் சம்பந்தப்பட்டிருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் இறக்குமதியாளர் பழைய சோனகத் தெருவில் இருந்த தன் ஒபிஸை மூடிவிட்டு தெஹிவளையில் உள்ள வீட்டிலிருந்து தொழிலைத் தொடர்ந்தார். நேர்மையானவர். கடன் பாக்கி வைக்காதவர். ஒரு நாள் தாயாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றதால் பகல் முழுவதும் தொலைபேசியை எடுக்கவில்லை. அன்று குருநாகலிலிருந்து ஒரு கடைக்காரர் நான்கு முறை அழைத்திருக்கிறார். மறுநாள் காசோலை மாற வேண்டிய நாள். மாலையாகும்போது தெருவில், “ஒபிஸையும் மூடிட்டார், போனையும் எடுக்கிறார் இல்ல, ஏதோ கஷ்டமாம்” என்ற கதை பரவிவிட்டது. காசோலை ஒழுங்காக மாறியது. ஆனாலும் அடுத்த மாதம் இரண்டு மொத்த வியாபாரிகள் அவரிடம் கைக்காசு கேட்டார்கள். முப்பது நாள் தவணையில் நடந்த கொடுக்கல் வாங்கல் கைக்காசுக்கு மாறினால் ஒரு சிறு வர்த்தகரின் நிலை என்னவாகும் என்பதை இப்பத்தியின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அன்று காலையில், “இன்று வைத்தியசாலையில் இருக்கிறேன், மாலை 6 மணிக்குப் பிறகு பேசுகிறேன்” என்ற ஒரு வரியை அவர் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

நேரத்தைச் சொல்லுங்கள்

வீட்டிலிருந்து தொழில் செய்பவர் எந்த நேரமும் பதில் சொல்ல வேண்டும் என்று நான் கூறவில்லை. அது முடியாத காரியம். அப்படி முயற்சிப்பவர் சாப்பாட்டு மேசையிலும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார், இறுதியில் வீடும் இல்லை, தொழிலும் இல்லை என்ற நிலைக்கு வருவார். எந்த நேரத்தில் பதில் கிடைக்கும் என்பதை வாடிக்கையாளர் முன்கூட்டியே அறிந்திருந்தால் போதும். காலை 9 முதல் 12.30 வரை, பின்னேரம் 2 முதல் 5.30 வரை என்று வைத்தால் அதில் உறுதியாக நில்லுங்கள். வெள்ளிக்கிழமை நேரத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். நமது வாடிக்கையாளர்களில் சிங்கள, தமிழ் வர்த்தகர்களும் இருக்கிறார்கள். ஜும்ஆ நேரத்தில் அழைப்பை எடுக்காவிட்டால் அவர்கள் தவறாக நினைப்பதில்லை, முன்கூட்டியே சொல்லியிருந்தால். நோன்பு காலத்திலும் அப்படித்தான்.

இதற்கான கருவி நம் கையிலேயே இருக்கிறது. 2018இல் வெளிவந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் வேலை நேரத்தைப் பதிந்து வைக்கலாம். அந்த நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாகவே ஒரு பதில் போகும்படி செய்யலாம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களைச் சேமித்து வைக்கலாம். வாடிக்கையாளர்களை “புதிய ஓடர்”, “பணம் பாக்கி” என்று அடையாளமிட்டுப் பிரிக்கலாம். இவை அனைத்தும் இலவசம். அந்தச் செயலியை வைத்திருப்போர் பலரும் கடையின் பெயரையும் படத்தையும் போட்டதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது.

உடனடியாகப் பதில் தெரியாத கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. “விலையை விசாரித்து நாளை 11 மணிக்குள் சொல்கிறேன்” என்பதும் பதில்தான். விலை தெரியும் வரை மௌனமாக இருப்பதை விட அது எத்தனையோ மடங்கு மேல். ஆனால் 11 மணி என்றால் 11 மணிதான். அந்த நேரத்துக்குள் விலை கிடைக்காவிட்டாலும், “இன்னும் கிடைக்கவில்லை, பின்னேரம் சொல்கிறேன்” என்று அறிவிக்க வேண்டும்.

வெளிநாட்டோடு கொடுக்கல் வாங்கல் செய்பவர்கள் மற்றொரு கணக்கையும் போட வேண்டும். சீனா நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. நாம் காலை 9.30க்கு மேசையில் அமரும்போது அங்கே நண்பகல் 12 மணி, பகல் உணவுக்கு எழும்பும் நேரம். நாம் பின்னேரம் 3.30க்கு ஒரு முக்கியமான கேள்வியை அனுப்பினால் அங்கே மாலை 6 மணி, ஒபிஸ் மூடப்பட்டிருக்கும். ஆகவே, சீனாவோடு பேச வேண்டியவர் காலை 6.30க்கும் 9.30க்கும் இடையில் பேசினால் அதே நாளில் பதில் பெறலாம். வீட்டிலிருந்து தொழில் செய்பவருக்கு இது ஒரு வசதி, பஸ்ஸில் செலவாகும் நேரம் அவருக்கு மிச்சம். அங்கே வட்ஸ்அப் தடை செய்யப்பட்டிருப்பதால் விசெட்டிலோ மின்னஞ்சலிலோதான் தொடர்புகொள்ள வேண்டும் என்பதையும் புதியவர்கள் தெரிந்திருக்க வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. 2022 ஜனவரி முதல் ஐக்கிய அரபு இராச்சியத்தின் மத்திய அரசு அலுவலகங்களின் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாற்றப்பட்டு, வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை நாளாக்கப்பட்டது. சவூதி அரேபியாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், “ரெண்டு நாளா பதில் இல்ல” என்று கோபப்படுவதில் பயனில்லை.

பேசியதை எழுதுங்கள்

நமது வர்த்தகம் வாய் வார்த்தையில் வளர்ந்தது. அதில் பெருமைப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் நேருக்கு நேர் பேசும் வார்த்தைக்கும் தொலைபேசியில் பேசும் வார்த்தைக்கும் வித்தியாசம் உண்டு. கடையில் ஒருவர் “பார்ப்போம்” என்று சொன்னால், அது ஆம் என்பதா இல்லை என்பதா என்று முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வோம். “இன்ஷா அல்லாஹ்” என்று சொல்லும்போதும் அது உறுதிமொழியா, மரியாதையாக மறுப்பதா என்பது குரலிலும் பார்வையிலும் தெரிந்துவிடும். தொலைபேசித் திரையில் இந்த வித்தியாசம் தெரியாது. “இன்ஷா அல்லாஹ்” என்று எழுதும்போது திகதியையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். அந்த வார்த்தைக்குக் கொடுக்கும் மரியாதையும் அதுதான்.

உறவினர்களான இரண்டு பங்காளிகளின் பிணக்கு ஒன்றைத் தீர்த்து வைக்க என்னை அழைத்திருந்தார்கள். ஒருவர் கண்டியில் கடையைப் பார்க்கிறார், மற்றவர் மாவனல்லையில் வீட்டிலிருந்து கொள்வனவையும் கணக்கையும் பார்க்கிறார். கடையில் இருந்தவர் ஒரு வாடிக்கையாளரைப் பற்றி நான்கு நிமிடக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். அதில் விலைக் குறைப்பும் இருந்தது, கடன் தவணையும் இருந்தது, குடும்பக் கதையும் இருந்தது. வீட்டில் இருந்தவர், “சரி மச்சான், குடுங்க” என்று பதில் அனுப்பினார். அவர் சம்மதித்தது விலைக் குறைப்புக்கு. இவர் விளங்கிக்கொண்டது மூன்று மாதக் கடனுக்கு. பணம் வராமல் போனபோது இருவரும் அதே குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். இருவர் சொல்வதும் பிழை என்று சொல்ல முடியவில்லை.

குரல் பதிவு வசதியானதுதான். கை வேலையாக இருப்பவருக்கும் எழுதச் சிரமப்படுபவருக்கும் அது பெரும் உதவி. ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு விலையைத் தேடினால் எழுத்தில் உள்ளதைத்தான் தேடி எடுக்க முடியும். குரலுக்குள் உள்ளதைத் தேட, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஆகவே நலம் விசாரிக்கக் குரல் பதிவு அனுப்புங்கள், விலைக்கும் அளவுக்கும் திகதிக்கும் எழுத்து அனுப்புங்கள்.

தொலைபேசியில் பேசி முடிந்த கையோடு ஐந்தாறு வரிகளில் இப்படி ஒரு செய்தி போதுமானது:

“அஸ்ஸலாமு அலைக்கும். இன்று காலை பேசியபடி சாரம் 20 டசின். டசின் ஒன்று ரூபா 14,400. மொத்தம் ரூபா 288,000. பாதி முன்பணம், மீதிக்கு 30 நாள் காசோலை. முன்பணம் கிடைத்ததும் புதன்கிழமை லொறியில் ஏற்றப்படும். லொறிக் கூலி உங்களுடையது. இந்த விலை சனிக்கிழமை வரை மட்டும். ஏதும் பிழையிருந்தால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.”

இதை எழுத மூன்று நிமிடம் செல்லும். எழுதாமல் விட்டால் மூன்று மாதம் சண்டை பிடிக்க நேரலாம். இதில் “சனிக்கிழமை வரை மட்டும்” என்ற வார்த்தைகளை விசேடமாகக் கவனியுங்கள். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர், மே மாத நடுப்பகுதியில் 360 ரூபாவைச் சுற்றி நின்றது. அந்தப் பத்து வாரங்களில் திகதியின்றி விலை சொன்னவர்கள் ஒன்றில் கைநட்டப்பட்டார்கள், அல்லது வாக்கு மாறியவர் என்ற பெயரை எடுத்தார்கள். திகதியோடு விலை சொன்னவர்களுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை.

“நமக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்கு, நம்பிக்கை இல்லையா?” என்று சிலர் கேட்பார்கள். தவணைக் கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் சூரா அல்பகராவின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எழுதுவது நம்பிக்கையின்மையின் அடையாளம் அல்ல. மறதியும் மரணமும் நல்ல மனிதர்களுக்கும் வரும், அப்போது பிள்ளைகளுக்கு எழுத்துதான் சாட்சி.

நாட்டுச் சட்டத்தின்படியும் இத்தகைய செய்திகளுக்குப் பெறுமதி உண்டு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மாத்திரம் ஓர் ஆவணத்தையோ ஒப்பந்தத்தையோ செல்லாது என்று தள்ளிவிட முடியாது என்கிறது. காணி விற்பனை, இறுதி விருப்பாவணம், அற்றோணித் தத்துவம் போன்ற சில விடயங்களுக்கு இது பொருந்தாது. சாதாரண கொள்வனவு, விற்பனைக்குப் பொருந்தும்.

யோசிக்காமல் அனுப்பும் ஒரு சின்னமும் கட்டுப்படுத்தக் கூடும். கனடாவில் ஒரு விவசாயிக்கு ஆளி விதைக் கொள்வனவு ஒப்பந்தத்தின் படம் 2021இல் கைத்தொலைபேசியில் அனுப்பப்பட்டது. அவர் பெருவிரலை உயர்த்திய சின்னத்தைப் பதிலாக அனுப்பினார். ஒப்பந்தம் கிடைத்தது என்றுதான் தெரிவித்தேன், சம்மதிக்கவில்லை என்று பின்னர் வாதாடினார். சஸ்கச்சுவான் மாகாண நீதிமன்றம் 2023இல் அதைச் சம்மதமாகவே கருதி, 82,000 கனேடிய டொலருக்கு மேல் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. அது நம் நாட்டுத் தீர்ப்பு அல்ல. என்றாலும் பெருவிரலை அழுத்துமுன் ஒரு கணம் யோசிக்க வைக்கும் தீர்ப்பு. “கிடைத்தது, பார்த்துவிட்டு நாளை முடிவு சொல்கிறேன்” என்று எழுதுவது பாதுகாப்பானது.

மேலும் ஒரு விடயம். வட்ஸ்அப்பில் செய்திகள் குறிப்பிட்ட நாட்களில் தாமாகவே மறைந்துவிடும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர்களோடு பேசும் இலக்கத்தில் அதை நிறுத்தி வையுங்கள். பெரிய ஓடர்களை மின்னஞ்சலுக்கும் அனுப்பி, மாத இறுதியில் ஒரு கோவையில் சேர்த்துக்கொள்வது நல்லது. தொலைபேசி தொலைந்தால் கணக்கும் சேர்ந்து தொலையக் கூடாது.

ஊழியர்களோடும் பங்காளிகளோடும்

வாடிக்கையாளரிடம் காட்டும் பண்பை நம்மோடு வேலை செய்பவர்களிடம் காட்ட நாம் மறந்துவிடுகிறோம். வீட்டில் இருக்கும் முதலாளி களஞ்சியத்தில் இருக்கும் பையனை ஒரு நாளைக்கு இருபது முறை அழைப்பதை நான் கண்டிருக்கிறேன். அவன் சாமானை எண்ணுவானா, போனை எடுப்பானா? தூரம் கூடியதும் சந்தேகம் கூடுகிறது, சந்தேகம் கூடியதும் அழைப்பு கூடுகிறது. இதனால் வேலை நடப்பதில்லை, மனம் மட்டும் கசக்கிறது.

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பேசினால் ஒரு சிறிய நிறுவனத்துக்குப் போதும். காலையில் இன்று என்ன போக வேண்டும், என்ன விலை மாறியிருக்கிறது, யாருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்ற மூன்று கேள்விகள். மாலையில் என்ன போனது, எவ்வளவு வந்தது, எது நாளைக்கு மீதி என்ற மூன்று கேள்விகள். இடையில் வருவதை வட்ஸ்அப் குழுவில் எழுதலாம். அந்தக் குழுவில் ஓடரும் விலையும் மட்டுமே இருக்க வேண்டும். வாழ்த்துகள், காணொளிகள், ஜனாஸா அறிவித்தல்களுக்கு வேறு குழு வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒன்றில் போட்டால் முக்கியமான ஓடர் நாற்பது செய்திகளுக்குக் கீழே போய்விடும்.

ஊழியரைக் கண்டிக்க நேர்ந்தால் குழுவில் கண்டிக்க வேண்டாம். கடையில் ஏசினால் அந்த நேரத்தோடு போய்விடும். குழுவில் ஏசினால் அது எழுத்தில் நிற்கும், மற்றவர்கள் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். தனியாக அழைத்துப் பேசுவதே முறை. பாராட்டைக் குழுவில் போடலாம். இரவு பத்து மணிக்கு ஒரு யோசனை தோன்றினால் எழுதி வைத்துக்கொண்டு காலையில் அனுப்புங்கள். முதலாளியின் செய்தியைப் பார்த்த ஊழியர், அது அவசரமா இல்லையா என்று தெரியாமல் நித்திரை விழித்திருப்பார்.

விலை மாற்றத்தைக் கடையில் நிற்பவருக்கு முதலில் சொல்ல வேண்டும், வாடிக்கையாளருக்கு அடுத்ததாக. வீட்டிலிருக்கும் பங்காளி ஒரு விலை சொல்ல, கடையில் நிற்பவர் வேறு விலை சொன்னால், வாடிக்கையாளர் இருவரையும் நம்ப மாட்டார்.

வீட்டிலிருந்து கணக்கு எழுதும், வடிவமைப்புச் செய்யும், தையல் தொழில் செய்யும் பெண்கள் நம் சமூகத்தில் பெருகியிருக்கிறார்கள். இவர்களோடு தொழில் செய்யும் வர்த்தகர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் வீட்டில் இருப்பதால் எந்த நேரமும் அழைக்கலாம் என்று அர்த்தமல்ல. வேலை நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முதலில் எழுத்தில் கேட்டுவிட்டு அழைப்பது நாகரிகம். முன்னறிவிப்பின்றி வீடியோ அழைப்பு எடுப்பது நாகரிகம் அல்ல. வேலைக்கான கூலியை, “வீட்டில சும்மா இருக்கும்போது செய்றதுதானே” என்று குறைத்துப் பேசுவது அநியாயம். அந்தச் சகோதரிகளும் வியாபாரத்துக்கென்று தனி இலக்கம் ஒன்றை எடுத்து, விலையையும் முன்பணத்தையும் முதல் செய்தியிலேயே எழுத்தில் சொல்லிவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

வீட்டாரின் பங்கு

வாடிக்கையாளர் அழைக்கும்போது சிறு பிள்ளை போனை எடுத்து, “வாப்பா நித்திரை” என்று சொல்வது கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். பகல் 11 மணிக்கு அதைக் கேட்கும் கடன்காரருக்குச் சிரிப்பு வராது. தனி இலக்கம், முடிந்தால் தனித் தொலைபேசி, அதைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்ற ஒழுங்கு ஆகியவை அவசியம். தனி அறை இல்லாத வீடுகளே அதிகம். ஒரு மூலையும் ஒரு மேசையும் போதும். ஆனால் அந்த மூலையில் இருக்கும்போது வேலையில் இருக்கிறார் என்று வீட்டாருக்கும், எழும்பிய பிறகு வீட்டாருக்கு உரியவர் என்று வேலைக்கும் தெரிய வேண்டும்.

மனைவியோ மகனோ அழைப்பை எடுக்க நேர்ந்தால் பெயர், ஊர், விடயம், திருப்பி அழைக்க வேண்டிய நேரம் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் குறிக்கப் பழக்குங்கள். வாடிக்கையாளரின் கடன் பாக்கி பற்றிய பேச்சு வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதும் அமானிதம்தான்.

தொடர்பு அறுந்த நாளில்

நம் நாட்டில் இதையும் சிந்திக்காமல் இருக்க முடியாது. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு அமுலில் இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் பல மணித்தியாலங்கள் மின்சாரம் தடைப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் சேர்ந்தே நின்றன. வீட்டிலிருந்து தொழில் செய்பவருக்கு அத்தகைய நாட்களில் ஒரே நேரத்தில் கடையும் மூடப்படுகிறது, பாதையும் மூடப்படுகிறது.

ஆகவே வேறொரு நிறுவனத்தின் சிம் ஒன்று, மின்னேற்றிய பவர் பேங்க் ஒன்று, முக்கியமான முப்பது இலக்கங்கள் எழுதிய கடதாசி ஒன்று வீட்டில் இருக்கட்டும். வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான ஒருவரிடமும் அந்தப் பட்டியல் இருந்தால், “அவருக்கு லைன் இல்லை, வந்ததும் பேசுவார்” என்று உங்கள் சார்பில் சொல்ல ஓர் ஆள் இருப்பார். கடையில் இருந்த அந்தப் பையனின் வேலையைத்தான் அவர் செய்கிறார்.

நேரில் போக வேண்டிய வேளைகள்

“என்ன சொன்னாலும் முகம் பார்த்துச் செய்வதுதான் வியாபாரம்” என்பார்கள் மூத்த வர்த்தகர்கள். நான் அதை மறுக்கவில்லை. சில வேலைகளைத் தொலைபேசியில் செய்யவே கூடாது. முதல் தடவை பெரிய கடன் கொடுக்குமுன் அந்தக் கடையை நேரில் பார்க்க வேண்டும். பாக்கி தவறியவரிடம் மூன்றாவது செய்தி அனுப்புவதை விட ஒரு முறை நேரில் போவது பலன் தரும். பங்காளிகளுக்கிடையே மனக்கசப்பு வந்தால் எழுதித் தீர்க்க முயல வேண்டாம், எழுத எழுத அது வளரும். வாடிக்கையாளர் வீட்டு மரணத்துக்கு வட்ஸ்அப் அனுதாபம் போதாது.

ஒபிஸ் வாடகையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பகுதியை மாதம் ஒரு முறை வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் பயணத்துக்கு ஒதுக்குங்கள். அதைச் செலவாகக் கருத வேண்டாம். வருடத்தில் ஒரு முறையாவது உங்கள் முகத்தைக் கண்டவர், உங்கள் போன் ஒரு நாள் எடுபடாவிட்டாலும் கதை கட்டமாட்டார்.

வீட்டிலிருந்து தொழில் செய்வோரிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு கொப்பியில் மூன்று நிரல்களை இடுங்கள். பதில் சொல்லாமல் விட்ட அழைப்புகள் எத்தனை, சொன்ன நேரத்துக்குச் சொல்லாத பதில்கள் எத்தனை, எழுத்தில் உறுதிப்படுத்தாத ஓடர்கள் எத்தனை என்று குறித்து வாருங்கள். வார இறுதியில் அந்த மூன்று எண்களையும் விற்பனைக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்பனை குறைந்ததற்குச் சந்தையைக் குறை சொல்லுமுன் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. சந்தையைத் திருத்துவது நம் கையில் இல்லை. அடுத்த அழைப்புக்குப் பதில் சொல்வது நம் கையில்தான் இருக்கிறது.